விட்டுக்கொடுக்கும் அடி: பேஸ்பாலிலும் மென்பந்திலும் பன்ட் எப்போது பயன் தரும்?

நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் காற்பந்து, வலைப்பந்து, ஓட்டப்பந்தயம் என்று வளர்ந்தவர்கள். மென்பந்து எனப்படும் சாஃப்ட்பாலை இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகுதான் முதன்முதலாகக் காண்கிறோம். அதன் நுணுக்கங்களைப் பற்றித் தமிழில் படிக்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. அந்நுணுக்கங்களுள் ஒன்றை மட்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மென்பந்துக்கும் அதன் மூத்த விளையாட்டான பேஸ்பாலுக்கும் பொதுவான 'சாக்ரிஃபைஸ் பன்ட்' என்பதே அது.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். அடிப்பவர் பந்தை அடித்துவிட்டு முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றைக் கடந்து புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால் ஓர் ஓட்டம். (தளம் என்று இங்கே எழுதினாலும் திடலில் எல்லாரும் 'பேஸ்' என்றுதான் சொல்வோம்.) மூவர் அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸ் முடிந்தது. பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். எனவே ஒரு குழுவின் கைமுதல் 27 அவுட். மென்பந்தில் ஏழு இன்னிங்ஸ், 21 அவுட். இக்கைமுதலை எப்படிச் செலவழிப்பது என்பதே பயிற்றுநரின் கவலை எல்லாம்.

பன்ட் என்பது மட்டையை வீசாமல், குறுக்காகப் பிடித்துப் பந்தை மெல்லத் தட்டி முன்னால் விழச் செய்வது. கிரிக்கெட்டில் பந்தைத் தடுத்தாடுவது போலத் தோன்றும்; நோக்கம் வேறு. தடுத்தாடுபவர் தம்மைக் காத்துக்கொள்கிறார். இவரோ தாம் அவுட் ஆவது உறுதி என்று அறிந்தே தட்டுகிறார். எதிரணியினர் பந்தை எடுத்து இவரை வீழ்த்துவதற்குள், ஏற்கெனவே தளத்தில் நிற்கும் சக ஆட்டக்காரர் அடுத்த தளத்திற்கு ஓடிவிடுகிறார். ஓர் அவுட்டைக் கொடுத்து ஒரு தளத்தை வாங்கும் வணிகம் இது. ஆட்டப் பதிவேட்டில் இத்தகைய அடி, அடிப்பவரின் சராசரியைக் குறைக்காது. விட்டுக்கொடுத்தவருக்கு விதிப்புத்தகம் தரும் மரியாதை அது எனலாம்.

இந்த வணிகம் இலாபமானதா? திருக்குறளின் 'தெரிந்துசெயல்வகை' அதிகாரத்தின் முதற்குறள், அழிவது எது, ஆவது எது, பின்னர் வரும் ஊதியம் எது என மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. பேஸ்பாலில் இக்கணக்கை முறையாகப் போட்டவர்களுள் முன்னோடி ஜார்ஜ் லிண்ட்சி என்னும் கனடா நாட்டு ஆய்வாளர். நூற்றுக்கணக்கான ஆட்டங்களை அவருடைய தந்தையார் கேட்டுக் குறித்து வைக்க, மகன் அக்குறிப்புகளை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். யாரும் அவுட் ஆகாமல் முதல் தளத்தில் ஒருவர் நிற்கும்போது, அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக 0.81 ஓட்டம் வரும் என்று அவர் கண்டார். பன்ட் வெற்றி பெற்று, ஓர் அவுட்டுடன் அவர் இரண்டாம் தளத்தில் நின்றால் அது 0.67. திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தும் நட்டம்!

பிற்காலக் கணக்கும் இதையே சொல்கிறது. 1993 முதல் 2010 வரையிலான அமெரிக்க மேஜர் லீக் ஆட்டங்களில், அதே நிலை மாற்றத்தால் 0.94 என்பது 0.72 ஆகக் குறைகிறது. அவுட் என்பது தளத்தைவிட விலையுயர்ந்தது என்பது தெளிவு. பால்டிமோர் ஓரியோல்ஸ் குழுவின் பயிற்றுநர் ஏர்ல் வீவர், ஓர் ஓட்டத்திற்காக ஆடினால் ஓர் ஓட்டமே கிடைக்கும் என்ற கருத்துடையவர். அமெரிக்கக் குழுக்கள் பின்னாளில் அவர் வழிக்கே வந்தன.

அப்படியானால் பன்ட்டை மூட்டை கட்டி வைத்துவிடலாமா? கூடாது. சராசரி ஓட்டம் வேறு, ஓர் ஓட்டமாவது எடுக்கும் வாய்ப்பு வேறு. ஆட்டம் சமநிலையில் இருக்கிறது, கடைசி இன்னிங்ஸ், நாம் பின்னர் அடிக்கும் குழு என்று வைத்துக்கொள்வோம். நமக்குத் தேவை ஒரே ஓர் ஓட்டம். ஐந்து ஓட்டம் எடுத்தாலும் வெற்றி ஒன்றுதான்.

அதே 1993–2010 கணக்கை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. முதல் தளத்தில் இருப்பவரை இரண்டாம் தளத்திற்கு நகர்த்தினால் ஓர் ஓட்டமாவது எடுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 44 விழுக்காட்டிலிருந்து 42 ஆகச் சற்றே குறைகிறது. இரண்டாம் தளத்திலிருந்து மூன்றாம் தளத்திற்கு நகர்த்தினால் 64 என்பது 67 ஆக உயர்கிறது. முதல், இரண்டாம் தளங்களில் இருவர் நிற்கும்போது பன்ட் வெற்றி பெற்றால் 64 என்பது 70 ஆகிறது. பள்ளித் திடல்களில் நாம் அடிக்கடி காண்பது முதல் வகை. பலன் மிகுந்தவை மற்ற இரண்டும்!

காரணம் எளியது. ஓர் அவுட்டுடன் மூன்றாம் தளத்தில் ஒருவர் நின்றால், அடுத்தவர் நல்ல அடி அடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. உயரமாகத் தொலைவில் அடித்துப் பிடிபட்டாலும், தரையோடு மெதுவாக உருட்டி அவுட் ஆனாலும், எறிபவரின் பந்து பிடிப்பவரைத் தாண்டிப் போனாலும் ஓட்டம் வந்துவிடக்கூடும். இரண்டாம் தளத்தில் இருப்பவருக்கு இவ்வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டிருக்கின்றன.

அடிப்பவர் யார் என்பதும் முக்கியம். அட்டவணை சராசரி ஆட்டக்காரருக்கானது. மேஜர் லீக்கின் தேசிய லீக்கில் பிட்சர்களே மட்டையும் பிடித்த காலத்தில் பன்ட் மிகுதியாக இருந்தது. அவர்கள் வீசி அடித்தாலும் பெரும்பாலும் அவுட்தான். 2022 முதல் இரு லீக்குகளிலும் பிட்சருக்குப் பதிலாக அடிக்கத் தனி ஆட்டக்காரர் வந்துவிட்டதால் அத்தேவை மறைந்தது. ஜப்பானியர் நிலை வேறு. பன்ட்டை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அவர்கள். மசாஹிரோ கவாய் என்பவர் தம் ஆட்ட வாழ்வில் 533 முறை இவ்வாறு விட்டுக்கொடுத்து உலகச் சாதனை படைத்தார்.

அதே ஜப்பான், 2023 மார்ச் 20ஆம் நாள் மயாமியில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் அரையிறுதியில் மெக்சிகோவிடம் 4-5 எனப் பின்தங்கியிருந்தது. கடைசி இன்னிங்ஸ்; ஓத்தானி இரண்டாம் தளத்தில், யோஷிதா முதல் தளத்தில், யாரும் அவுட் இல்லை. அடிக்க வந்தவர் முராகாமி. 2022இல் ஜப்பானிய லீக்கில் 56 ஹோம் ரன் அடித்தவர். ஆனால் அன்று மும்முறை ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தார். மேற்சொன்ன கணக்கின்படி பன்ட்டுக்கு ஏற்ற தருணம். மாற்று ஆட்டக்காரரை இறக்கிப் பன்ட் அடிக்க வைக்கும் எண்ணமும் பயிற்றுநர் குரியாமாவிடம் இருந்தது. இறுதியில் அவர் முராகாமியையே அடிக்க விட்டார். பந்து நடுத்திடலின் சுவரில் மோதியது. ஓத்தானியும், யோஷிதாவுக்குப் பதிலாக ஓட வந்த ஷூட்டோவும் ஓடி வர, 6-5 என ஜப்பான் வென்றது. அடி விழுந்ததால் முடிவு சரி என்று கூறுவதற்கில்லை. சமன் செய்ய ஓர் ஓட்டம், வெல்ல இரண்டு என்ற நிலையில் இரு வழிகளுக்கும் நியாயம் இருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். பாசிர் கூடாங்கில் ஒரு பள்ளித் திடலில் நடக்கும் பெண்கள் மென்பந்து ஆட்டத்திற்கு மேஜர் லீக் எண்களை அப்படியே பொருத்த முடியுமா? முடியாது. தளங்களுக்கு இடையிலான தூரம் பேஸ்பாலில் 27.43 மீட்டர், மென்பந்தில் 18.29 மீட்டர். ஓடுபவர் விரைவில் சேர்ந்துவிடுவார். மேலும், பன்ட் பந்தைத் தடுப்பது கூட்டு வேலை. முதல் தளத்தில் நிற்பவள் பந்தை எடுக்க முன்னே ஓடி வந்தால், இரண்டாம் தளத்துக்காரி அங்கே போய் நிற்க வேண்டும். பயிற்சி குறைந்த குழுவில் அவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். எறிந்த பந்து யாருமில்லாத தளத்தைத் தாண்டி வேலிக்குப் போகும்.

இதையும் கணக்காக்கலாம். தடுப்பவர்கள் தவறினால் யாரும் அவுட் ஆகாமல் இருவர் தளத்தில் நிற்பர்; அதன் மதிப்பு 1.56 ஓட்டம். தவறாவிட்டால் 0.72. பத்துப் பன்ட்டில் மூன்றில் தவறு நேர்ந்தால் சராசரி ஏறத்தாழ 0.97. பன்ட் இல்லாத நிலையின் 0.94ஐ அது தாண்டிவிடுகிறது. ஆகவே, எதிரணி நான்கில் ஒரு முறைக்குமேல் தவறினால் பன்ட் இலாபம். எண்கள் இரவல் வாங்கியவை, மேலே தூக்கிவிட்டுப் பிடிபடும் பன்ட்டுகளையும் இங்கே சேர்க்கவில்லை. ஆயினும் முறை இதுதான்.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். பள்ளிக் குழுக்களில் ஒன்பதாவதாக அடிக்க வருபவளுக்கு எந்த நிலையிலும் பன்ட் என்பதே கட்டளையாகிவிடுகிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில், ஓர் ஓட்டத்தால் எதுவும் முடிவாகாத நேரத்தில்கூட, அவளே விட்டுக்கொடுக்க வேண்டும். குழுவிற்கும் அதில் நட்டம், அவளுக்கும் மட்டையை முழுமையாக வீசிப் பழகும் வாய்ப்பு போய்விடுகிறது. பருவம் முழுவதும் ஒருத்தியே கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்குத் தியாகம் என்று பெயரிடத் தயக்கமாக இருக்கிறது. பன்ட் குழுவின் ஆயுதமானால், மூன்றாவது, நான்காவது இடத்தில் அடிக்கும் வலிமையான ஆட்டக்காரரும் அதைப் பழக வேண்டும். கடைசி இன்னிங்ஸில் இரண்டாம் தளத்தில் ஒருவர் நிற்கும்போது மட்டை யார் கையில் இருக்கும் என்பது யாருக்குத் தெரியும்?

லிண்ட்சியின் தந்தையார் செய்ததைச் செய்ய நமக்கு ஓர் அப்பியாசப் புத்தகம் போதும். எந்த இன்னிங்ஸ், எத்தனை அவுட், எந்தத் தளத்தில் யார், பன்ட் தட்டிய பின் என்ன நடந்தது என்பதை ஒவ்வோர் ஆட்டத்திலும் வெளியே அமர்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் குறித்து வரலாம். எதிரணி எத்தனை முறை தவறியது என்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.