அச்சிதழும் மின்னிதழும்

நூலகமென்பது நூல்களை அடுக்கி வைக்கும் மனை மாத்திரமன்று; வருங்காலத்தார்க்காக அவற்றைக் காத்து வைக்கும் இடமுமாம். பல்கலைக்கழக நூலகங்கள் அச்சிதழை விட்டு மின்னிதழுக்கு மாறும் இக்காலத்தில் மாணவர் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய அச்சிதழ் நூலகத்தின் உடைமை. சந்தா நிறுத்தப்படினும் பழைய இதழ்கள் தட்டினின்றும் அகலா. மின்னிதழோ பெரும்பாலும் உரிமத்தாற் பெறப்படுவது. வெளியீட்டாளரின் கணினியில் இருப்பது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் பழைய இதழ்களைப் படிக்கும் உரிமை உண்டென எழுதப்பட்டிருந்தாலன்றி அது நிலையாது. ஆதலின் நூலகர் விலையை மட்டுமன்றி அவ்விதியையும் நோக்கியே கையொப்பமிடுதல் வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தார் 1999 இல் 'லொக்ஸ்' என்னும் முறையைத் தொடங்கினர். அம்முறையில் நூலகங்கள் பல, ஒரே மின்னிதழின் படியைத் தத்தம் கணினியில் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பழுதுற்ற படியைத் திருத்திக்கொள்ளும். படி பலவாயின் பொருள் அழியாதென்பதே அதன் கருத்து.

இவ்வுண்மையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, அச்சு நூல்கள் பலவற்றிற்கு வேறு படிகள் எங்கேனும் இருந்தன. ஒற்றைப் படியாயிருந்த ஏட்டுச்சுவடிகளோ மீளவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்படியாக்கி வருகின்றது. பழைய மாணவர்கள் தம் இல்லப் பெட்டிகளிலுள்ள மலர்களையும் சுவடிகளையும் படியெடுக்கக் கொடுத்துதவுவாராக.