லாரி இன்வெர்ட்டர்: ஃப்யூஸ் எந்தப் பக்கம்?

நம்ம ஊர் லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரி தொடர் இணைப்பில் இருக்கும். அதனால் 24 வோல்ட் இன்வெர்ட்டர்தான் வாங்கணும். விலை குறைவுன்னு 12 வோல்ட் வாங்கி ஒரே பேட்டரியில் மாட்டினா, அது சார்ஜ் இறங்கும், இன்னொன்னு ஓவர்சார்ஜ் ஆகும்.

கணக்கு சிம்பிள்தான். 300 வாட் ரைஸ் குக்கர், இன்வெர்ட்டர் திறன் 85% என்றால், 300 ÷ (24 × 0.85), சுமார் 15 ஆம்பியர். சிகரெட் லைட்டர் சாக்கெட் தாங்காது. பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுங்க.

ஃப்யூஸைப் பலர் இன்வெர்ட்டர் பக்கம் போடுறாங்க. வழியில் வயர் உரசி சேஸிஸைத் தொட்டா, அந்த ஷார்ட் கரண்ட் ஃப்யூஸ் வழியா போகவே போகாது. வயர் எரியும், டிரைவர் கேபினில் தூங்கிட்டு இருப்பார். பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே போடுங்க. தகட்டைத் துளைச்சு வயர் போற இடத்தில் ரப்பர் வளையமும் வேணும்.