ரப்பர் தோட்டத்துத் தேன் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தோவாளை வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் பாதிப்பேர் வயலும் தென்னையும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். வேளாண்மை, உணவு அறிவியல் என்று பேச்செடுத்தாலே, "எங்க அப்பா படுத பாடு போதாதா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். இவர்களுக்கு ஆர்வம் வர என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பிள்ளைகள் சொல்வதை மறுக்க வேண்டாம், டீச்சர். அப்பா படுகிற பாடு உண்மை. விவசாயத்தின் பெருமையைப் பேசி அதை மறைக்க முடியாது. பேச்சை விட்டுவிட்டு, அவர்கள் வீட்டைச் சுற்றியே விடை தேட வேண்டிய ஒரு கேள்வியைக் கையில் கொடுங்கள். குமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

மார்த்தாண்டம் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. எந்தப் பூவின் தேன் என்று கேட்டால், ரப்பர் பூ என்றுதான் வகுப்பே சொல்லும். ஆனால் அந்தத் தேன் பூவில் ஊறுவதில்லை. இலையுதிர்ந்து ஜனவரி, பிப்ரவரியில் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கும். தேனீ அங்கேதான் வந்து உட்காரும். ஒரு தளிரைக் கொண்டுவந்து கைலென்ஸ் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்து நிற்கும் துளியைத் தொட்டு நாக்கில் வைத்த பிள்ளை, 'மரம் பூவில்லாத இடத்தில் எதற்குத் தேன் சுரக்கிறது?' என்று தானே கேட்கும். அடுத்து, ரப்பர் தேன் ஏன் சீக்கிரம் உறைகிறது, உறைந்தால் கலப்படமா என்று போகும். அங்கிருந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், ஈரப்பதம் என்று உணவு வேதியியல் முழுக்கத் திறக்கும். 1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து இங்கே தேனீக் கூட்டங்களைக் கூண்டோடு அழித்ததை வயதான தேனீ வளர்ப்பாளர்கள் சொல்வார்கள். ஒருவரை வகுப்புக்கே அழைத்துவிடலாம்.

அடுப்படியிலும் ஆய்வு உண்டு. மரச்சீனிக் கிழங்கை அவித்து ஏன் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம்? கிழங்கில் உள்ள லினமாரின் என்ற பொருளிலிருந்து சயனைடு வரும் என்பதால்தான். ஐப்பசி மழையில் கருப்பட்டி ஏன் கசிகிறது? ஒரே வட்டிலிருந்து மூன்று துண்டு எடுத்து, ஒன்றைத் திறந்தும், ஒன்றைத் துணியில் பொதிந்தும், ஒன்றை டப்பாவில் அடைத்தும் வைத்து, தினமும் காலையில் எடை போடச் சொல்லுங்கள். எடை ஏற ஏற அட்டவணை தானாக வரைபடம் ஆகும். எங்கே முதலில் பூசணம் பிடிக்கிறது என்பதையும் எழுதட்டும். பாட்டி ஏன் கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார் என்பதை இதற்குப் பிறகு அவர்களே விளக்குவார்கள். இதில் நல்ல யோசனை ஏதாவது முளைத்தால் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு அனுப்புங்கள். தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் கிடைக்கும்.

பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வுக்கு வெளிநாட்டிலும் மேடை உண்டு. அமெரிக்காவின் அயோவாவில், உலக உணவுப் பரிசை வழங்கும் அமைப்பு பள்ளிப் பிள்ளைகளையும் கூப்பிடுகிறது. அவர்கள் ஒரு நாட்டின் உணவுப் பிரச்சினையை ஆராய்ந்து எழுதி, அறிஞர்கள் முன்னால் பேசுகிறார்கள். சிலர் அங்கிருந்து சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து பயிற்சி பெற்றும் போயிருக்கிறார்கள். 1987-இல் அந்தப் பரிசை முதன்முதலில் வாங்கிய அதே சுவாமிநாதன், அறுவைச் சிகிச்சை மருத்துவரின் மகன். திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தவர், 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு கோவை வேளாண் கல்லூரிக்குப் போனார். நீட் தவிர வேறு எதையும் நினைக்காத பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

பெற்றோரிடம் பேச வேறு தகவல் வேண்டும். வேளாண் பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் வேளாண் படிப்புகளுக்கும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், தஞ்சாவூரிலுள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் படிக்கலாம். தஞ்சைக்கு மட்டும் ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: 'மார்க் குறைந்தவர்களுக்கு விவசாயம்' என்று பள்ளியில் யாரும் பேச விடாதீர்கள். நல்ல மாணவர்கள் இந்தப் பக்கம் திரும்பாமல் போவதற்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

கடைசியாக, பக்கத்திலேயே இருக்கும் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் வாருங்கள். உங்கள் பிள்ளைகளின் வயலில் நிற்கும் டி.பி.எஸ். நெல் ரகங்கள் பிறந்த இடம் அது. தலைமையாசிரியர் கையெழுத்தோடு இப்போதே கடிதம் கொடுத்து, கும்பப்பூ பருவத்து நெல் கதிர் விடும் நாட்களில் அனுமதி கேளுங்கள். நெற்பூ காலையில் விரிந்து கொஞ்ச நேரத்திலேயே மூடிக்கொள்ளும். ஆறு மகரந்தக் கேசரங்களையும் அந்த நேரத்தில்தான் எண்ண முடியும். அதனால் ஒன்பது மணிக்கெல்லாம் பிள்ளைகள் வரப்பில் நிற்கிற மாதிரி கூட்டிப் போங்கள்.