தாயின் குருதியில் ஒரு முன்னறிவிப்பு

சென்ற ஆண்டு மயிலாப்பூரில் எங்கள் இல்லத்தில் அக்காவுக்கு வளைகாப்பு நடைபெற்றது. தியாகராய நகரில் தேடித்தேடி வாங்கிய வளையல்கள் அவள் கையில் ஏற மறுத்தன. “பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பு பூரிப்பது இயல்புதானே!” என்று பெரியவர்கள் மகிழ்ந்தனர். இரண்டு வாரம் கழித்து மாநகராட்சி நல மையத்தில் செவிலியர் இரத்த அழுத்தம் பார்த்தார்; 150/100. சிறுநீரில் புரதமும் இருந்தது. அன்றே எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1844 முதல் தாய்மார்களைக் காத்துவரும் அங்கு, 34-ஆம் வாரத்திலேயே குழந்தை பிறந்தது. இன்று இருவரும் நலம். “இதை முன்பே அறிய முடியாதா?” என்று அம்மா கேட்டார். விலங்கியல் மாணவியாகிய நான் அதற்குத் தேடிய விடையே இக்கட்டுரை.

நோயின் வேர்

இந்நோயை மருத்துவர்கள் பிரிஎக்லாம்ப்சியா என்பர். தமிழில் முன்சூல்வலிப்பு எனலாம். முற்றினால் வலிப்பு உண்டாகி உயிருக்கே ஆபத்தாகும். இதன் அறிகுறிகள் பெரும்பாலும் 20-ஆம் வாரத்திற்குப் பின்னரே தோன்றும். ஆனால் வேர் முன்பே ஊன்றிவிடுகிறது. தொடக்க மாதங்களில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் கருப்பையின் தமனிகளுள் புகுந்து அவற்றை அகலப்படுத்த வேண்டும். வாய்க்கால் குறுகினால் வயல் வாடுவது போல, தமனி அகலாவிடில் நஞ்சுக்கொடி ஆக்சிஜனின்றி வாடுகிறது. அது வெளிவிடும் பொருள்கள் தாயின் இரத்தக் குழாய்களைத் தாக்குகின்றன.

நுண் ஆர்.என்.ஏ. என்பது யாது?

1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதனைக் கண்டறிந்தனர். 2024-இல் நோபல் பரிசு பெற்றனர். இது ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட சிறு இழை. தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது.

நமது 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு தொகுதி நுண் ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியில்தான் உருவாகின்றன. அவை தாயின் குருதியிலும் கலக்கின்றன. பிரசவத்திற்குப் பின் விரைவில் மறைகின்றன. ஆக்சிஜன் குறையும்போது மிகும் மிர்-210 என்பது, இந்நோயுற்றோரின் நஞ்சுக்கொடியில் அதிகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆகவே, தாயின் சிறிதளவு குருதியிலேயே நஞ்சுக்கொடியின் நிலையை அறியலாம் என்பது ஆய்வாளர்தம் நம்பிக்கை.

முன்னறிந்து என்ன பயன்?

பயன் உண்டு. 2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், ஆபத்து மிகுந்த தாய்மாருக்கு 11 முதல் 14 வாரத்திற்குள் தொடங்கி நாள்தோறும் 150 மி.கி. ஆஸ்பிரின் தரப்பட்டது. 37 வாரத்திற்கு முன் வரும் முன்சூல்வலிப்பு 62 விழுக்காடு குறைந்தது. மருத்துவர் சொல்லாமல் இதை உண்ணலாகாது. அக்காவுக்கு நோய் தெரிந்தபோது அந்தக் காலம் கடந்துவிட்டிருந்தது.

தடைகள்

எனினும் இச்சோதனை இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை. ஓர் ஆய்வு காட்டும் நுண் ஆர்.என்.ஏ.வை மற்றோர் ஆய்வு காட்டுவதில்லை. கருவின் வாரத்திற்கேற்ப அளவு மாறுகிறது. குழாயில் எடுத்த குருதியில் சிவப்பணு உடைந்தாலே கணக்குப் பிழைக்கிறது. நம் பெண்களிடமும் பெருமளவில் சோதித்த பின்னரே இதனை நம்ப இயலும்.

அதுவரை இரத்த அழுத்தமானியும் சிறுநீர்ச் சோதனையும் நம் கையில் உள்ளன. எல்லா வீக்கமும் நோயன்று. ஆனால் அளந்து பார்த்தால்தான் தெரியும். தோழர்களே, உங்கள் இல்லத்தில் கருவுற்ற பெண் இருந்தால், ஒரு முறையும் தவறாது பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏறாத வளையல் எங்களுக்கு ஏதோ சொல்லிற்று; அன்று அதைப் படிக்க எங்களுக்குத் தெரியவில்லை.