எம்பிரசாரியோ முதல் சூயிங்கம் வரை

கேள்வி: டெக்சாஸ் புரட்சி பற்றிப் படிக்கிறேன். ‘எம்பிரசாரியோ’ என்றால் சக்கரவர்த்தியா? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: பெயரில்தான் அந்த மிடுக்கு. ஆள் வெறும் கான்டிராக்டர்.

ஸ்பானிய மொழியில் ‘எம்ப்ரெசா’ என்றால் எடுத்து நடத்தும் தொழில். இத்தாலியில் இதே சொல்லின் உடன்பிறப்பு, ஓபரா கொட்டகைக்குப் பாடகர்களைப் பிடித்துவருபவரைக் குறித்தது. மெக்சிகோவின் வட எல்லையான டெக்சாஸில் பிடித்துவரப்பட்டவை குடும்பங்கள். இந்தத் தொழிலின் முன்னோடி ஸ்டீபன் ஆஸ்டின். அவர் கூட்டிவந்த முதல் தொகுதிக்கு ‘பழைய முன்னூறு’ என்றே பெயர். கால்நடை வளர்க்கும் குடும்பத்துக்கு ஒரு ‘லீக்’, அதாவது 4,428 ஏக்கர். 1825 சட்டப்படி, நூறு குடும்பம் சேர்த்த எம்பிரசாரியோவுக்குச் சுமார் 23,000 ஏக்கர் கமிஷன்.

எந்தப் புரட்சிச் சொல்லைச் சுரண்டினாலும் அடியில் கணக்குநோட்டு தெரியும் என்பது இந்தப் பகுதியின் பழைய கட்சி. இங்கே சுரண்டவே வேண்டாம். அந்த நோட்டில் பருத்திக்காட்டு அடிமைகளும் சொத்தாகவே பதிவானார்கள். மெக்சிகோ 1829-ல் அடிமைமுறையை ஒழித்தது. 1830-ல் அமெரிக்கர்கள் குடியேறவும் தடை போட்டது. 1836-ல் விடுதலை முழக்கத்தோடு பிறந்த டெக்சாஸ் குடியரசோ, அடிமைமுறைக்குத் தன் அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்புக் கொடுத்தது.

கேள்வி: அமெரிக்க செனட்டில் விடியவிடியப் பேசி மசோதாவைத் தடுப்பதற்கு ‘ஃபிலிபஸ்டர்’ என்று பெயர் வைத்தது யார்? (ஆசிரியர், கரூர்)

பதில்: கடற்கொள்ளையர்கள். டச்சு மொழியில் ‘வ்ரைபாய்டர்’ என்றால், கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு போகிறவன். ஸ்பானியர் வாயில் அது ‘ஃபிலிபுஸ்தேரோ’ ஆனது. 19-ம் நூற்றாண்டில் சொல் கரையேறி, சொந்தச் செலவில் படை திரட்டி அடுத்தவன் நாட்டுக்குள் புகுபவனைக் குறிக்கத் தொடங்கியது. ஜேம்ஸ் லாங் என்பவர் 1819-ல் நாகடோசஸ் ஊருக்குள் நுழைந்து, டெக்சாஸ் இனித் தனி நாடு என்று அறிவித்தார். சில மாதங்களில் ஸ்பானியப் படை அவரை விரட்டிவிட்டது. 1850-களில் இந்தச் சொல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அதை மட்டும் இன்றுவரை யாராலும் விரட்ட முடியவில்லை.

‘கொள்ளைக்காரன்’ என்ற பட்டம் டெக்சாஸில் உயிரையும் வாங்கியது. ஆயுதத்தோடு நுழையும் வெளிநாட்டவரைக் கடற்கொள்ளையராகவே நடத்தலாம் என்று 1835 டிசம்பர் 30-ல் மெக்சிகோ ஆணையிட்டது. போர்க்கைதி என்றால் சோறு போட வேண்டும். கொள்ளையன் என்றால் தேவையில்லை. 1836 மார்ச் 27 அன்று கோலியாடில், சரணடைந்த டெக்சாஸ் படையினரில் 340-க்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

கேள்வி: அலமோ கோட்டையில் தளபதி டிராவிஸ் வாளால் மணலில் கோடு கிழித்து, “சாகத் துணிந்தவர்கள் தாண்டி வாருங்கள்” என்றாராமே? (வங்கி ஊழியர், மதுரை)

பதில்: முதலில், அது கோட்டையாகப் பிறந்ததல்ல. 1718-ல் தொடங்கிய கிறித்தவ மடம். பிற்பாடு அங்கே தங்கிய குதிரைப்படையினர் தங்கள் சொந்த ஊர்ப் பெயரையும் கொண்டுவந்தார்கள். ‘ஆலமோ’ ஸ்பானிய மொழியில் ஒரு மரம். நம் ஆலமரத்துக்கும் அதற்கும் பெயரில்கூட உறவில்லை. மொழி ஆராய்ச்சி அன்பர்கள் கடிதம் எழுத வேண்டாம்.

இனி அந்தக் கோடு. மெக்சிகோப் படையின் முற்றுகை 13 நாள் நடந்து, 1836 மார்ச் 6 அன்று முடிந்தது. கோட்டுக் கதை அச்சேறிய ஆண்டு 1873. இடையில் 37 வருடம்! எழுதியவரான வில்லியம் சூபர், தப்பிவந்த ஒருவர் தன் பெற்றோரிடம் சொன்னதாகச் சொன்னார். அதாவது அவர் சொல்லிப் பெற்றோர் கேட்டு, பெற்றோர் சொல்லி மகன் எழுதியது. லட்சுமணன் கிழித்த கோடுகூட வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. அதற்காக யாராவது அதை அழிக்க விடுகிறார்களா? டெக்சாஸ்காரர்களும் விடமாட்டார்கள்.

கேள்வி: புதிய குடியரசை மற்ற நாடுகள் மதித்தனவா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சான் ஜசின்டோவில் பதினெட்டே நிமிடச் சண்டை, மறுநாள் மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னா சிறைப்பட்டது, சாம் ஹூஸ்டன் டெக்சாஸ் அதிபரானது எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாதது பன்றிகள்.

பிரான்ஸ் மதித்துத் தூதரை அனுப்பியது. ஆஸ்டின் நகர விடுதிக்காரரின் பன்றிகள் அந்தத் தூதரின் சோளத்தை மேய்ந்தன. தூதரின் வேலைக்காரர் பன்றிகளைக் கொன்றார். விடுதிக்காரர் வேலைக்காரரை உதைத்தார். ஏற்கெனவே விடுதி பில்லிலும் தகராறு. 1841-ல் தூதர் மூட்டை கட்டினார். இதற்குப் பெயர் ‘பன்றிப் போர்’.

லண்டனில் டெக்சாஸின் தூதரகம் ஒரு மதுக்கடைக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. நாடு அமெரிக்காவோடு இணைந்தபோது வாடகை பாக்கி. அதை 1986-ல் டெக்சாஸ் அபிமானிகள் கொடுத்துத் தீர்த்தார்கள். பார்த்தீர்களா, கணக்குநோட்டு!

கேள்வி: அப்படியானால் டெக்சாஸ் இன்றும் விரும்பினால் பிரிந்துபோகலாமாமே? (அதே வாசகர்)

பதில்: போக முடியாது. 1869-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1844-ல் இணைப்பு ஒப்பந்தம் செனட்டில் தோற்றதால், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற கூட்டுத் தீர்மானத்தால் 1845-ல் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தீர்மானம் கொடுத்தது வேறொரு சலுகை: டெக்சாஸிலிருந்து மேலும் நான்கு மாநிலங்கள் வரை பிரிக்கலாம். பாகப்பிரிவினைக்கு இடமுண்டு, வீட்டைவிட்டு ஓட இடமில்லை.

கேள்வி: சூயிங்கம் எந்த நாட்டுக் கண்டுபிடிப்பு? (பள்ளி மாணவன், சிவகாசி)

பதில்: இதற்கும் டெக்சாஸுக்கும் என்ன என்று கேட்காதே தம்பி. தோற்ற சாண்டா அன்னா மறுபடி மறுபடி அதிபராகி, 1860-களில் நியூயார்க் பக்கம் அகதியாக இருந்தார். மெக்சிகோவின் சிக்கிள் மரப்பாலைக் கொண்டு ரப்பர் செய்து சம்பாதிக்கலாம் என்பது அவர் எண்ணம். தாமஸ் ஆடம்ஸ் என்பவர் முயன்று பார்த்தார், ரப்பராகவில்லை. மென்று பார்த்தார், வியாபாரமானது.

சாண்டா அன்னா ஒரு காலை இழந்தது 1838-ல், பிரான்ஸோடு நடந்த ‘பேஸ்ட்ரிப் போரில்’. சூறையாடப்பட்ட ஒரு பேக்கரிக்காரரும் சேர்ந்து கேட்ட நஷ்ட ஈட்டுக்காக நடந்த போர் அது. அந்தக் காலுக்கு 1842-ல் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. இரண்டே வருடத்தில், கோபம் கொண்ட கூட்டம் அதைத் தோண்டித் தெருவில் இழுத்தது. அவருடைய செயற்கைக் காலை 1847 போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அது இல்லினாய்ஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.