டர்போ காருக்கு எந்தக் கியர்ப்பெட்டி: ஆட்டோவா, மேனுவலா?

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் கேரி தீவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். படிவம் 5-இல் என்னிடம் இயற்பியல் படித்தவர். இப்போது கிள்ளானில் வேலை. "சார், ரெண்டு ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பார்த்து வெச்சிருக்கேன். ஜப்பான்ல இருந்து வந்தது. ஒண்ணு மேனுவல், ஒண்ணு ஆட்டோ. விலை ஏறக்குறைய ஒண்ணுதான். எதை எடுக்கட்டும்?" என்றார். ஏழு ஆண்டுக் கடன், அவர் பெயரில் வாங்கும் முதல் கார். நண்பர்கள் எல்லாரும் மேனுவல்தான் 'ஆம்பளை கார்' என்கிறார்களாம். அந்த வாதத்திற்கு இயற்பியலில் இடமில்லை. மற்றபடி கேள்வி நல்ல கேள்வி. நீங்களும் இப்படியொரு காரைப் பார்த்து வைத்திருந்தால், கையொப்பமிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அவர் பார்த்த கார் இந்தப் பாடத்திற்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது. 2017 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான அந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் 1.4 லிட்டர் டர்போ எஞ்சின். உச்சத் திருப்புவிசை 230 நியூட்டன் மீட்டர். அது 2,500 முதல் 3,500 சுழற்சிக்குள் கிடைக்கிறது. மேனுவலிலும் ஆறு கியர், ஆட்டோவிலும் ஆறு கியர். எடை மேனுவலுக்கு 970 கிலோ, ஆட்டோவுக்கு 990 கிலோ. எஞ்சின் ஒன்றே, மாறுவது கியர்ப்பெட்டி மட்டும்.

முதலில் டர்போ என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் பாட்டிமார் விறகடுப்பில் ஊதுகுழலால் ஊதியதை நினைத்துப் பாருங்கள். விறகைக் கூட்டவில்லை, காற்றைக் கூட்டினார்கள், தணல் சீறியது. எஞ்சினும் ஓர் அடுப்புதான். அதிகக் காற்றைத் திணித்தால் அதற்கேற்ப அதிகப் பெட்ரோலை எரிக்க முடியும். திணிக்கும் வேலையைச் செய்வது, வெளியேறும் புகையால் சுழலும் ஒரு சிறு சக்கரம். வேகமாக ஓடும்போது அது நிமிடத்திற்கு 100,000 தடவைக்கும் மேல் சுழலும். அதைத் தொடும் புகையின் வெப்பம் 900 பாகை செல்சியஸை எட்டக்கூடும்.

சிக்கல் இங்கேதான். சக்கரம் சுழலப் புகை வேண்டும். புகை வர எஞ்சின் வேகமாக ஓட வேண்டும். 1,200 சுழற்சியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் டர்போ உடனே எழாது. ஒரு கணம் கார் யோசிக்கும், பிறகு திடீரென இழுக்கும். இந்தத் தாமதத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் டர்போ காரில் கியர்ப்பெட்டியின் வேலை.

மேனுவலில் கியர் மாற்றும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்ச்சை மிதித்து, கியரைத் தள்ளி, மீண்டும் மிதிக்கிறீர்கள். காலை எடுத்த அந்த நொடியில் புகை குறைகிறது, திணித்த காற்றழுத்தம் இறங்குகிறது. 'ப்ஷ்' என்று ஓர் ஒலி கேட்குமே, இளைஞர்களுக்கு மிகவும் பிடித்த அந்த ஒலி, சேர்த்து வைத்த காற்றழுத்தம் வெளியேறும் ஒலிதான். அடுத்த கியரில் மீண்டும் அழுத்தத்தைச் சேர்க்க வேண்டும்.

ஆட்டோவில் நீங்கள் காலை எடுப்பதில்லை. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் இடையே எண்ணெய் நிரம்பிய ஒரு வட்டக் கலம் இருக்கிறது. அதன் பெயர் டார்க் கன்வெர்ட்டர். இரண்டு காற்றாடிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை இயக்கினால் அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் கலம் உங்களுக்குப் புரிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இதழ்ச் சக்கரம் உண்டு. திரும்பி வரும் எண்ணெயை அது மடக்கி, முதல் காற்றாடி சுழலும் திசையிலேயே தள்ளிவிடுகிறது. அதனால் கார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது திருப்புவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கார் வேகம் பிடிக்கப் பிடிக்க இந்தப் பெருக்கம் குறைந்து மறையும்.

டர்போவுக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். டர்போ தூங்கும் நேரத்தில் கன்வெர்ட்டர் விசையைப் பெருக்கிக் கொடுக்கிறது. சக்கரங்கள் மெல்ல நகரும்போதே எஞ்சினை 2,000 சுழற்சிக்கு மேல் போக விடுகிறது. அதற்குள் டர்போ விழித்துக்கொள்கிறது. கியர் மாறும்போதும் காற்றழுத்தம் பெருமளவு அப்படியே நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூக்கி புகையால் சுழலும் ஊதியந்திரத்திற்குக் காப்புரிமை கோரியது 1905-இல். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபொட்டிங்கர் திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் கலத்திற்குக் காப்புரிமை கோரியதும் அதே 1905-இல். ஃபொட்டிங்கரின் மனத்தில் இருந்தது கப்பல். ஐன்ஸ்டைனின் ஆண்டாக மட்டுமே நாம் நினைவு வைத்திருக்கும் அந்த ஆண்டில், ஒருவரின் குறையை மற்றவரின் கருவி தீர்க்கும் என்று யார் நினைத்திருப்பார்?

அப்படியானால் ஆட்டோ எப்போதும் வேகமானதா? இல்லை. கலத்தில் எண்ணெய் வழுக்குவதால் ஆற்றல் இழப்பு உண்டு. இன்றைய கார்களில் சீரான வேகம் வந்ததும் ஒரு பூட்டு கிளட்ச் இரு பக்கத்தையும் இணைத்து இழப்பைக் குறைத்துவிடுகிறது. பழைய ஆட்டோக்களில் அந்தப் பூட்டு அவ்வளவு திறமையானதல்ல. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவலில் 280 குதிரைத்திறன். 2002-இல் வந்த ஜிடி-ஏ என்னும் ஆட்டோ வகையில் 272. திருப்புவிசையும் குறைவு. அந்தக் காலத்தில் டர்போ காரில் வேகம் தேடியவர்கள் மேனுவலை நாடியது நியாயமே. உங்கள் மாமாவோ சித்தப்பாவோ இன்றும் 'ஆட்டோ டர்போ வேஸ்ட்' என்று சொன்னால், அது அந்தத் தலைமுறையின் அனுபவம். அதை 2017-ஆம் ஆண்டுக் காருக்குப் பொருத்தக் கூடாது.

இனி நம் சாலைக்கு வருவோம். கேரி தீவுக்குள் மேடே இல்லை; செம்பனை லாரியின் பின்னால் ஊர்ந்தாலும் கியர் மாற்றம் குறைவு. பாலம் தாண்டி, தெலுக் பங்லிமா காராங் வழியாகக் காலை ஏழு மணிக்குக் கிள்ளானுக்குப் போய்ப் பாருங்கள். நின்று நின்று கிளம்ப வேண்டும். ஒவ்வொரு கிளம்பலுக்கும் கிளட்ச் என்ன விலை கொடுக்கிறது என்பதைப் படிவம் 4 கணக்கால் கண்டுபிடிக்கலாம்.

எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல, நின்ற காரை கிளட்ச் மெல்ல மெல்ல அந்த வேகத்திற்கு இழுத்து வருகிறது என்று வையுங்கள். சமதளத்தில் காருக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் கிடைக்கிறதோ, அதே அளவு கிளட்ச் தட்டில் வெப்பமாகப் போகிறது. பாதிக்குப் பாதி. ஓட்டுநரோடு சேர்த்து 1,050 கிலோ, முதல் கியரில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 3.33 மீட்டர். அரை எம்வி வர்க்கம் போட்டால் ஏறத்தாழ 5,800 ஜூல். ஒரு கிளாஸ் தேநீரை 7 பாகை சூடேற்றப் போதும். சிறியதாகத் தெரிகிறதா? நெரிசலில் 100 தடவை கிளம்பினால் 580 கிலோஜூல். 30 பாகையில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரை ஏறத்தாழக் கொதிக்க வைத்துவிடலாம். இது ஒழுங்காக ஓட்டுபவருக்கான கணக்கு. பாதி கிளட்ச்சில் காலை வைத்தே ஊர்பவருக்கு வெப்பம் இன்னும் அதிகம்.

டார்க் கன்வெர்ட்டரிலும் வெப்பம் பிறக்கிறது. ஆனால் பிறப்பது எண்ணெய்க்குள். அந்த எண்ணெய் குளிர்விப்பானுக்குப் போய் வெப்பத்தை இறக்கிவிட்டு வருகிறது. கிளம்பும் வேலைக்காகத் தேயும் தட்டு அங்கே இல்லை.

'ஆட்டோ' என்று விற்கப்படுவதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரட்டைக் கிளட்ச் பெட்டி என்பது, கணினி கிளட்ச்சை மிதிக்கும் மேனுவல் என்று சொல்லலாம். ஃபோக்ஸ்வேகன் 2003-இல் கோல்ஃப் ஆர்32-இல் கொண்டுவந்தது ஆறு கியர் வகை. அதன் கிளட்ச் எண்ணெயில் நனைந்தது. 2008-இல் வந்த ஏழு கியர் வகையின் கிளட்ச் உலர்ந்தது. 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஓடும்போது இரண்டும் அருமை; கியர் மாற்றத்தில் அழுத்தம் குறைவதே இல்லை எனலாம். ஆனால் நெரிசலில் ஊரும்போது மேலே போட்ட அதே 5,800 ஜூல் கணக்கு இவற்றுக்கும் பொருந்தும். நனைந்த கிளட்ச்சுக்கு வெப்பத்தைச் சுமந்து போக எண்ணெய் இருக்கிறது. உலர்ந்ததற்கு இல்லை. கிள்ளான் நெரிசலில் தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால், விற்பவரிடம் 'நனைந்ததா, உலர்ந்ததா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் அவசரப்பட வேண்டாம்.

சிவிடி வகை தனிக் கதை. சுபாரு லெவோர்க் ஜப்பானில் டர்போவோடு சிவிடியில் மட்டுமே வந்தது. நம் பெரோடுவா ஆத்திவாவும் 1.0 லிட்டர் டர்போவோடு சிவிடிதான். எஞ்சினைத் தேவையான சுழற்சியிலேயே நிறுத்தி வைக்கும் என்பதால் டர்போவுக்கு ஒத்துப்போகும். இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

மேனுவலுக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டியது உண்டு. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினே காரைப் பிடித்து நிறுத்தும். அந்தக் கட்டுப்பாடு முழுவதும் உங்கள் கையில். தேய்ந்த கிளட்ச்சை மாற்றுவது, பழுதான ஆட்டோ பெட்டியைப் பிரித்துச் சீராக்குவதை விட மிகவும் மலிவு. ஆனால் டர்போ மேனுவலில் பலர் செய்யும் ஒரு தவறு: ஆறாம் கியரில் 1,300 சுழற்சியில் போய்க்கொண்டே முழுதாக மிதிப்பது. மெதுவாக நகரும் பிஸ்டனின் மேல் பெரிய அழுத்தம் நெடுநேரம் நிற்கும். பெட்ரோல் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டும். ஜப்பானில் இந்தக் காருக்கு உயர் ஆக்டேன் பெட்ரோலையே சொல்கிறார்கள். இங்கே ரோன் 97 போடும் செலவையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் கணினி தானாகக் கியரை இறக்கி இந்த ஆபத்தைத் தவிர்த்துவிடும். மேனுவலில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. இன்னொன்று, வீட்டில் வேறு யாராவது ஓட்ட வேண்டுமா என்றும் பாருங்கள். டிஏ உரிமம் வைத்திருப்பவர் மேனுவலைத் தொடக் கூடாது. அதற்கு டி உரிமம் வேண்டும்.

என் மாணவரோடு இரண்டு கார்களையும் பார்க்கப் போனேன். நாங்கள் வரும் வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும். குளிர்ந்த நிலையில் கிளப்பியபோது பின்னால் நீலப் புகை வருகிறதா என்று பார்த்தோம். வந்தால் எண்ணெய் எரிகிறது, டர்போவின் அச்சுப் பக்கமும் சந்தேகப்பட வேண்டும். இரண்டிலும் வரவில்லை. அடுத்து ஆவணம். வெளிநாட்டில் பதிவாகி ஓராண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டுக்கு மேற்படாமலும் இருக்கும் பழைய கார்களைத்தான் இறக்குமதி அனுமதி ஏற்கிறது. ஆகவே தயாரான ஆண்டு வேறு, இங்கே பதிவான ஆண்டு வேறு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது இரண்டாவது ஆண்டு. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் வயது முதலாவதிலிருந்துதான் தொடங்குகிறது.

மேனுவல் காரை எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலைக்குக் கொண்டு போனோம். நான்காம் கியர், 2,500 சுழற்சி, அங்கிருந்து முழு மிதி. முள் 'விர்' என்று 3,400-க்கு ஏறியது; கார் வேகம் அதே அளவு ஏறவில்லை. கியர் மாறாதபோது எஞ்சின் சுழற்சியும் கார் வேகமும் ஒரே விகிதத்தில்தான் ஏற முடியும். ஏறவில்லை என்றால் நடுவில் ஏதோ வழுக்குகிறது. கிளட்ச். "மாத்திட்டா போச்சு, விலையைக் குறைச்சுத் தர்றேன்" என்றார் விற்பவர். அதுவும் நியாயமான பேரம்தான். ஆனால் மீட்டர் காட்டிய குறைந்த ஓட்டத்தில் கிளட்ச் ஏன் இவ்வளவு தேய்ந்தது? மீட்டரைத் திருத்தியிருக்கலாம், யாரோ முரட்டுத்தனமாக ஓட்டியிருக்கலாம், அல்லது கணினியை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டியிருக்கலாம். மூன்றில் எதுவானாலும் பாதிப்பு கிளட்ச்சோடு நின்றிருக்காது. ஜப்பானின் ஏலத் தாளைக் கேட்டோம். இல்லை என்றார். கிளம்பிவிட்டோம்.

ஆட்டோ காரில் பிரேக்கை அழுத்தியபடி பின்கியருக்கும் முன்கியருக்கும் மாற்றிப் பார்த்தோம். ஒரு நொடிக்குள் மென்மையாகப் பிடித்தது, இடி இல்லை. நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டி, சூடான பிறகு மீண்டும் பார்த்தோம். அப்போதும் அப்படியே. ஏலத் தாளும் இருந்தது. அதிலிருந்த ஓட்டம் மீட்டரோடு பொருந்தியது.

அவர் ஆட்டோவையே எடுத்தார். எடுத்த வாரமே கியர்ப்பெட்டி எண்ணெயை மாற்றச் சொன்னேன். "வாழ்நாள் எண்ணெய், மாத்தத் தேவையில்லைன்னு சொன்னாங்களே சார்" என்றார். வெப்பம் 10 பாகை ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று வேதியியலில் படித்தது அவருக்கு நினைவிருக்கும். நம் நாட்டு வெயிலில், நெரிசலில், எண்ணெயும் அந்தக் கணக்குப்படிதான் கெடும். பட்டறையிலிருந்து அன்று மாலை எனக்கு ஒரு படம் அனுப்பினார். இரண்டு கிளாஸ். ஒன்றில் புது எண்ணெய், ரோஸ் சிராப் போலச் சிவப்பாக. மற்றதில் பெட்டியிலிருந்து இறக்கியது, கோப்பி-ஓ நிறத்தில்.