நாற்றமும் நுண்ணுயிரும்

ஆக்சிஜனேற்றம் என்றதும் இரும்பு துருப்பிடிப்பதையே நம்மில் பலர் நினைப்போம். அவ்வினையே நாற்றத்தைப் போக்கிக் குடிநீரையும் காக்கிறது என்பதை இங்கு விளக்க விழைகிறேன்.

1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்கள் காய்ச்சலால் மாண்டுகொண்டிருந்தனர். பிணங்களை அறுத்து ஆய்ந்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்த்ததே காரணம் என்று கண்டார் செம்மல்வைஸ். சோப்பால் கழுவியும் அகலாத பிணநாற்றம் சலவைத்தூள் கரைசலில் அகன்றது. எனவே அதிலேயே கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆயிற்று. கிருமிக் கொள்கை நிலைபெறுமுன்பே நடந்தது இது!

சலவைத்தூள் நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. இது பிற பொருள்களின் எலெக்ட்ரான்களைப் பறிக்கும். அழுகிய முட்டைபோல் நாறும் ஹைட்ரஜன் சல்பைடு, எலெக்ட்ரான்களை இழந்து, நாற்றமற்ற கந்தகமாகவோ சல்பேட்டாகவோ மாறுகிறது. ஊதுவத்தி நாற்றத்தை மறைக்கும். இதுவோ நாறும் பொருளையே இல்லாமற் செய்யும். மின்சுமையற்ற இவ்வமில மூலக்கூறு கிருமியின் செல்லுக்குள் எளிதில் ஊடுருவி நொதிகளைச் சிதைக்கிறது. கார நீரில் இது மின்சுமையுள்ள ஹைப்போகுளோரைட் அயனியாகிவிடுவதால் கிருமிகளைக் கொல்லும் வேகம் குன்றும்.

நாற்றம் போன உடனேயே கிருமியும் போயிற்று என்று எண்ணலாகாது. குடிநீரில் அரைமணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். அவ்வளவு குடிப்பவருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் கழிவறை கழுவும் அமிலத்துடன் சலவைத்தூளைக் கலந்தாலோ நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும்; மூடிய அறையில் உயிரையே குடித்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டையும் வெவ்வேறு அலமாரியில்தான் வைத்திருக்கிறோம்.